எண்ணிக்கையும் நாட்காட்டியும்

சி மொழியில் ஒரு தேதியை அச்சிட முயல்கிறவர் முதல் அரைமணி நேரத்திலேயே நான்கைந்து இடங்களில் தடுக்கி விழுவார். மாதங்கள் 0-இல் தொடங்குகின்றன, நாட்களோ 1-இல் தொடங்குகின்றன. ஆண்டைக் கேட்டால் 2024-க்குப் பதிலாக 124 என்று விடை வருகிறது. இப்போது என்ன நேரம் என்று சொல்லும் ஃபங்ஷன் விடையைத் திருப்பித் தருகிறது, கூடவே அதே விடையை எழுதிவைக்க நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியையும் கேட்கிறது. இரண்டு நேரங்களை அடுத்தடுத்து உள்ளூர் நேரமாக மாற்றினால் இரண்டாவது விடை முதலாவதை அழித்துவிடுகிறது. அரை நூற்றாண்டாக மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள், ஆசிரியர்கள் ‘அது அப்படித்தான்’ என்று கடந்துபோகிறார்கள், அனுபவசாலிகள் மோசமான வடிவமைப்பு என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. இவை ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எந்த எந்திரத்தின் நெருக்கடியில் பிறந்தன என்று தேடிப் பார்த்தால், அவற்றுக்கு அடியில் மிக நல்ல முடிவு ஒன்று கிடப்பது தெரியும். காலத்தை வெறும் எண்ணிக்கையாக உள்ளே வைத்துக்கொள்வது, நாட்காட்டியை வாசலில் நிறுத்துவது என்பதே அது. 1973-இல் நிலைபெற்ற அந்த முடிவு இன்றுவரை தாங்கியிருக்கிறது. தொல்லைகளில் பெரும்பாலானவை வாசலில்தான் நடந்தன என்பது என் வாதம். ‘பெரும்பாலானவை’ என்ற சொல்லை வேண்டுமென்றே வைக்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கையின் உள்ளேயே ஒரு கீறல் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானது. அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டது. அந்தக் கையேட்டின்படி கணினி 1971 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து காலத்தை எண்ணியது, ஆனால் விநாடிகளாக அல்ல, விநாடியின் அறுபதில் ஒரு பங்குகளாக. அறுபது எங்கிருந்து வந்தது என்றால், சுவரில் இருந்த மின்சாரத்திலிருந்து. அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் விநாடிக்கு 60 சுற்றுகள் சுற்றும், நம் ஊரில் 50. யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் கடிகாரப் பலகை அந்தச் சுற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கணினியைத் தட்டி எழுப்பும், கணினி ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். ஆக, தொடக்க கால யூனிக்ஸின் கடிகாரத்தை ஓட்டியது ஊர் மின்நிலையம்தான். அந்த எந்திரத்தின் ஒரு சொல் 16 பிட் அகலம். இரண்டு சொற்களைச் சேர்த்தால் 32 பிட். விநாடிக்கு அறுபது வீதம் எண்ணினால் 32 பிட் சுமார் 828 நாட்களில் நிரம்பிவிடும். இதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று நினைத்தால் தவறு. அதே கையேட்டில் குறைகளைச் சொல்லும் பகுதியிலேயே, 2.26 ஆண்டுக்கு ஒரு முறை நெருக்கடி நிச்சயம் என்பதை அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருந்தார்கள். கையில் இருந்த எந்திரத்தின் அளவு தெரிந்து, அதற்குள் வாழ்ந்தவர்களின் நேர்மை அது.

நெருக்கடியைத் தள்ளிப்போட அவர்கள் முதலில் செய்தது எளிய காரியம்: தொடக்கப் புள்ளியை 1972-க்கு நகர்த்தினார்கள். ஆனால் பழைய கோப்புகளில் பதிவான நேரங்கள் எல்லாம் அதோடு பொருளிழந்துவிடும். ஓர் ஊரின் மைல் கற்களை இரண்டாண்டுக்கு ஒரு முறை பிடுங்கி நட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். 1973 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பில் இதற்கு முடிவு கட்டினார்கள். அறுபதில் ஒரு பங்கைக் கைவிட்டு முழு விநாடிக்கு மாறினார்கள், தொடக்கப் புள்ளியைக் கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவில் நிறுத்தினார்கள். நுண்மையைக் கொடுத்து நீளத்தை வாங்கிய பேரம் இது. குறியுள்ள 32 பிட் எண் முன்னும் பின்னும் 68 ஆண்டுகளுக்குப் போதும். இந்த மாற்றம் வந்த பதிப்பே, யூனிக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அசெம்பிளி மொழியிலிருந்து சி மொழிக்கு மாற்றி எழுதப்பட்ட பதிப்பும்கூட. சி மொழியும் 1970 என்ற தொடக்கமும் ஒரே கூரையின் கீழ் ஒரே பருவத்தில் வயதுக்கு வந்தவை. 1970-க்கு வானியல் காரணமோ அரசியல் காரணமோ கிடையாது. அருகில் இருந்த, கணக்குக்கு வசதியான, வட்டமான ஓர் ஆண்டு, அவ்வளவுதான். வசதிக்காக எடுத்தது என்பதால் அது குறைபாடு ஆகிவிடாது. தொடக்கப் புள்ளிக்கு ஒரே ஒரு தகுதிதான் தேவை, இனி அசையாமல் இருப்பது.

இனி அந்த விசித்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். 1973-இல் சி மொழியில் 32 பிட் முழு எண் வகை கிடையாது. ‘லாங்’ என்ற வகை பிறகுதான் மொழிக்குள் நிலைபெற்றது, 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூலில் இடம்பெற்றது. எனவே நேரத்தை ஒரு மாறியில் வைக்க வழியில்லை, இரண்டு 16 பிட் எண்கள் கொண்ட ஓர் அணியில்தான் வைக்க முடியும். சி மொழியில் அணியைத் திருப்பித் தர முடியாது, அதன் முகவரியைக் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொள்ளத்தான் முடியும். டைம் என்ற ஃபங்ஷன் இன்றும் முகவரி கேட்பதும், லோக்கல்டைம், ஜிஎம்டைம், சிடைம் ஆகியவை எண்ணை நேராக வாங்காமல் அதன் முகவரியை வாங்குவதும் அந்த இரட்டை எண்ணின் தழும்புகள். எண்ணை நாள், மாதம், ஆண்டாகப் பிரித்த விடை முதலில் ஒன்பது எண்கள் கொண்ட அணியாக வந்தது. 1979-இன் ஏழாம் பதிப்பில் அந்த ஒன்பதும் பெயர்பெற்று ஒரு ஸ்ட்ரக்சருக்குள் போயின. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ‘டிஎம்_’ என்ற ஒட்டு நிற்பதற்கும் காரணம் உண்டு. அந்நாளைய சி மொழியில் எல்லா ஸ்ட்ரக்சர்களின் உறுப்புகளும் ஒரே பெயர்ப் பட்டியலில் வாழ்ந்தன, ஒன்றின் பெயர் இன்னொன்றோடு மோதாமல் காக்க வீட்டுப் பெயரை முன்னால் ஒட்டினார்கள். கெர்னிகனும் ரிட்சியும் விவரித்த சி மொழிக்கு ஸ்ட்ரக்சரை முழுசாகத் திருப்பித் தரவும் தெரியாது. அதனால் ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு நிலையான இடத்தை ஒதுக்கி அதன் முகவரியைக் கொடுத்தார்கள், அடுத்த அழைப்பில் அதே இடம் மறுபடி எழுதப்படும். மாதம் 0-இல் தொடங்குவதற்கும் அன்றைய நிரலிலேயே விடை இருக்கிறது. மாதத்தின் எண், மாதப் பெயர்களும் மாத நாட்களும் இருந்த பட்டியல்களில் இடம் தேடப் பயன்பட்டது, சி மொழியில் பட்டியலின் முதல் இடம் 0. நாளின் எண்ணுக்குப் பெயர்ப் பட்டியல் தேவையில்லை, அது எண்ணாகவே அச்சாகும். ஆகவே அது 1-இல் நின்றது.

இவ்வளவும் பழைய எந்திரத்தின் அடையாளங்கள். ஆனால் இவற்றுக்குக் கீழே இருக்கும் பிரிவினைக்கு எந்திரம் காரணமில்லை. ஒரு பக்கம் தடையின்றி ஓடும் ஒற்றை எண், மறுபக்கம் மனிதர்கள் பேசும் தேதி. நடுவில் இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் சில ஃபங்ஷன்கள். இந்தப் பிரிவினையைக் கணினிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை, காலத்தைக் கணக்கிட வேண்டியிருந்த எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பிய வானியலாளர்கள், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்கேலிகர் வகுத்த ஜூலியன் காலச்சுற்றை அடிப்படையாகக் கொண்ட ஜூலியன் நாளெண்ணைப் பயன்படுத்தினார்கள். இந்திய வானியலில் அதற்கும் வெகு முன்பே அகர்கணம் என்ற நாளெண்ணிக்கை உண்டு. கி.மு. 3102 பிப்ரவரி 18-இல் கலியுகம் தொடங்கியதாக வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து ஓடிய நாட்களை ஒரே எண்ணாக எண்ணுவது அது. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர் முதலில் அந்த எண்ணைத்தான் பிடிப்பார், பிறகே அதிலிருந்து திதியையும் நட்சத்திரத்தையும் இறக்குவார். மதராஸ் வானியல் நிலையத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்து 1825-இல் மதராஸில் வெளியான ‘காலசங்கலித’ நூலில் பதிவு செய்தார். அந்தக் கணியரின் கையில் இருந்ததும் இதே முறை: கலியிலிருந்து ஓடிய நாட்களின் எண்ணிலிருந்து பெரிய கட்டுகளைக் கழித்துக்கொண்டே போவது. லோக்கல்டைம் ஃபங்ஷனும் உள்ளே இதைத்தான் செய்கிறது. விநாடிகளை 86,400-ஆல் வகுத்து நாட்களாக்கி, நாட்களிலிருந்து ஆண்டுகளைக் கழித்து, மிச்சத்தில் மாதங்களைக் கழித்துக்கொண்டு இறங்குகிறது.

எண்ணிக்கை பக்கம் ஏறக்குறைய அமைதி நிலவியது. வாசலில்தான் சத்தம். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் நியூ ஜெர்சியின் நேரம் நூலகத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது: கிரீன்விச்சுக்கு ஐந்து மணி நேரம் பின்னால், கோடையில் அமெரிக்கச் சட்டப்படி ஒரு மணி நேரம் கூட்டல். வேறு ஊர்க்காரர் நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அமெரிக்கச் சட்டமே நிலையாக நிற்கவில்லை. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1974 ஜனவரி 6-இலேயே கோடை நேரத்தைத் தொடங்கினார்கள், 1975-இல் பிப்ரவரி இறுதியில் தொடங்கினார்கள். இருண்ட குளிர்காலக் காலையில் குழந்தைகள் பள்ளிக்குப் போவதைக் கண்டு எழுந்த எதிர்ப்பில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் அமெரிக்கத் தாய்மார்களின் கவலையும் சி நூலகத்தின் நிரலில் இரண்டு விதிவிலக்கு வரிகளாகப் போய் உட்கார்ந்தன. ஏழாம் பதிப்பில் ஊருக்கேற்ற இடைவெளியைக் கெர்னலிடம் கேட்டு வாங்கும் வழி வந்தது. அதை விளக்கும் கையேட்டுப் பக்கம் எடுத்துக்காட்டாக ஆப்கானிஸ்தானைக் காட்டியது, கிரீன்விச்சுக்கு நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும் நாடு அது. அரைமணிக் கணக்கில் கடிகாரம் வைத்திருக்கும் நாடுகளும் உலகில் உண்டு என்பது மரே ஹில்லில் தெரிந்திருந்தது, ஐந்தரை மணி நேரக்காரர்களான நமக்கு அது முக்கியமான விஷயம்.

வாசலில் நிற்கும் விதிகளை நிரலுக்குள் எழுதக் கூடாது, வெளியே ஒரு பட்டியலாக வைக்க வேண்டும் என்ற தெளிவு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1986-இல் அமெரிக்கா கோடை நேரம் தொடங்கும் நாளை மறுபடி மாற்றிச் சட்டம் செய்தபோது, நிரலுக்குள் விதியைப் பொதித்து வைத்திருந்த எல்லாக் கணினிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதே காலத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன், உலக நேர விதிகளை எல்லாம் தனிக் கோப்புகளில் எழுதி, நிரல் அவற்றைப் படித்துக்கொள்ளும்படி செய்து பொதுவில் வைத்தார். பிறகு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பால் எகெர்ட் அதன் பராமரிப்பை ஏற்றார். இன்று கையில் இருக்கும் கைபேசி முதல் வங்கியின் சர்வர் வரை பெரும்பாலானவை படிப்பது அந்தப் பட்டியலைத்தான். தன்னார்வலர்கள் செய்தித்தாளையும் அரசிதழையும் பழைய ரயில் கால அட்டவணைகளையும் பார்த்துத் தொகுத்த வரலாற்று ஆவணம் அது. 2011 செப்டம்பரில் ஒரு சோதிட மென்பொருள் நிறுவனம், தங்கள் நேர அட்டவணை நூலிலிருந்து தகவல் எடுத்ததாகச் சொல்லி ஓல்சன் மீதும் எகெர்ட் மீதும் வழக்குப் போட்டது. சில மாதங்களில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது, பட்டியலின் பொறுப்பும் இணைய எண்களை நிர்வகிக்கும் பொது அமைப்புக்குப் போனது. சோதிடர்களுக்கு இதில் என்ன வேலை என்று நம் வாசகர் கேட்க மாட்டார். 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையே பிறந்தவரின் ஜாதகத்தைக் கணிக்கும்போது கடிகார நேரத்தில் ஒரு மணியைக் கழிக்க வேண்டும் என்பது இங்கே சோதிடர்களுக்குத் தெரிந்த செய்தி. உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடியது. அந்த மூன்று ஆண்டுகள் ஓல்சனின் பட்டியலிலும் இருக்கின்றன.

வாசலில் நிற்பது எவ்வளவு தூரம் அரசியல் என்பதற்கு இலங்கையைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1996 மே மாதம், மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஆறரை ஆக்கியது. அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கி ஆறு ஆக்கியது. 2006 ஏப்ரலில் புத்தாண்டுக்கு மறுநாள் ஐந்தரைக்கே திரும்பியது. அந்தப் பத்தாண்டு முழுவதும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரையே தொடர்ந்தது. ஒரே தீவில், ஒரே நெடுஞ்சாலையில், ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கடிகாரம் மாறியது. கணினியின் பட்டியலில் இலங்கைக்கு ஏஷியா/கொழும்பு என்ற ஒரே பெயர்தான், அந்தப் பெயர் கொழும்பின் ஆணையைத்தான் பின்பற்றும். கிளிநொச்சியில் ஒரு கணினி அந்தப் பெயரை வைத்திருந்தால் அதன் திரையில் தெரியும் நேரம் எதிரே சுவரில் தொங்கும் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. அப்போதும் உள்ளே ஓடிய எண் கொழும்பிலும் கிளிநொச்சியிலும் ஒன்றேதான். போரும் பேச்சுவார்த்தையும் தீர்மானிக்க வேண்டியதை அந்த எண் தீர்மானிக்க முயலவில்லை. யார் சொல்லும் நேரம் செல்லும் என்ற சண்டையை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, எது முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது என்பதை மட்டும் அது காத்து வந்தது.

இங்கே ஒருவர் மறுக்கலாம். காரணம் சொல்லிவிட்டால் குறை நியாயமாகிவிடுமா, ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்து வைத்ததால் உலகம் பட்ட பாடு கொஞ்சமா என்று. கொஞ்சமில்லைதான். 2000 பிறந்தபோது ஆண்டைக் காட்டும் புலத்தின் மதிப்பு 100 ஆனது. ‘19’ என்ற எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த நிரல்கள் ஆண்டை 19100 என்று காட்டின. அந்தப் பழக்கம் சி மொழியோடு நிற்கவுமில்லை. ஜாவாவின் முதல் தேதி வகுப்பு அதை வாங்கிக்கொண்டது, ஜாவாவிடமிருந்து ஜாவாஸ்கிரிப்ட் வாங்கிக்கொண்டது. மாதம் 0-இல் தொடங்கும் வழக்கம் ஜாவாஸ்கிரிப்டில் இன்றும் இருக்கிறது, 16 பிட் எந்திரத்தைப் பார்த்தே இராத தலைமுறை அதில் இடறுகிறது. ஆனாலும் இது என் வாதத்தை உடைக்கவில்லை. 19100 என்று காட்டிய கணினிகளில் உள்ளே ஓடிய விநாடி எண் சரியாகவே இருந்தது, தவறு அச்சிடும் இடத்தில் நடந்தது. 2000-ஆம் ஆண்டுப் பெருஞ்சிக்கலின் கனமான பகுதியும் தேதியை இரண்டு இலக்கமாக, நாட்காட்டி வடிவிலேயே கோப்புகளில் சேமித்த பழைய கோபோல் மொழி நிரல்களில்தான் இருந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை கொடுத்தது அந்தத் திருத்தப் பணி. நாட்காட்டியை உள்ளே சேமித்தவர்கள் கொடுத்த விலை அது. எண்ணிக்கையை உள்ளே வைத்தவர்களின் தரவுகள் அந்த நள்ளிரவைத் தொந்தரவின்றிக் கடந்தன.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு, முன்பு சொன்ன கீறல் அதுதான். அந்த எண் உண்மையிலேயே விநாடிகளின் எண்ணிக்கையா என்றால், இல்லை. பூமியின் சுழற்சி சீரானதல்ல. அணுக் கடிகாரத்தையும் சூரியனையும் ஒட்டவைக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு விநாடியைக் கூட்டி வந்தார்கள், 2016 டிசம்பர் 31 வரை 27 முறை. 1988-இல் யூனிக்ஸ் உலகின் பொது இலக்கணமாக வந்த போசிக்ஸ் தரநிலை, ஒரு நாள் என்றால் எப்போதும் 86,400 விநாடிதான் என்று தீர்மானித்தது. கூடுதல் விநாடி வரும்போது எண்ணிக்கை அந்த இடத்தில் ஒரு முறை தடுமாறி, அதே எண்ணை மறுபடி சொல்லும். 1970-லிருந்து உண்மையில் கழிந்த விநாடிகளுக்கும் இந்த எண்ணுக்கும் அதனால் வேறுபாடு உண்டு. நாட்காட்டிக் கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக எண்ணிக்கையின் தூய்மையை விட்டுக்கொடுத்தார்கள், வாசலில் நிற்க வேண்டியது உள்ளே வந்துவிட்டது. அதன் பலனும் வந்தது. 2012 ஜூன் 30-இல் கூடுதல் விநாடி சேர்ந்தபோது லினக்ஸ் கெர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகமெங்கும் பல சர்வர்கள் ஓய்வின்றிச் சுழன்று திணறின. சி மொழிக்கான 1989 தரநிலையும் இந்த விஷயத்தில் குழம்பியது. நிமிடத்துக்குள் விநாடியின் எண் 61 வரை போகலாம் என்று அது எழுதியது, ஒரே நிமிடத்தில் இரண்டு கூடுதல் விநாடி வரும் வழக்கமே இல்லாதபோதும். 1999-இல்தான் அதை 60 என்று திருத்தினார்கள். இந்த மறுப்பை என்னால் முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் இது என் வாதத்தின் வழியிலேயே வந்து நிற்கிறது: பிரிவினையை மீறிய இடத்தில் அடி விழுந்தது. 2022 நவம்பரில் எடைகள், அளவைகளுக்கான உலகப் பொது மாநாடு 2035-க்குள் இந்த விநாடிக் கூட்டலை நிறுத்திவைக்கத் தீர்மானித்திருக்கிறது. பூமி விட்டுக்கொடுக்காததால் மனிதர்கள் தங்கள் விதியை மாற்றிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். நடந்து முடிந்ததைப் பதிவு செய்ய எண்ணிக்கை போதும். நடக்கப் போவதற்கு அது போதாது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேரம் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், ரமலான் நோன்பை ஒட்டி அதைத் தள்ளிவைப்பதாக அறிவித்தது. மரோனைட் திருச்சபை மறுத்தது. நாடு சில நாட்கள் இரண்டு நேரத்தில் ஓடியது, பிறகு அரசு பின்வாங்கியது. அந்த வாரத்தில் பெய்ரூட்டில் காலை பத்து மணிக்கு ஒரு திருமணம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே விநாடி எண்ணாக மாற்றிச் சேமித்திருந்தால், அந்த எண் எந்தப் பத்து மணியைக் குறித்தது? திருமணம் பத்து மணிக்குத்தான், எத்தனையாவது விநாடியில் என்பது அதிகாரிகளின் கையில். ஆகவே வருங்காலச் சந்திப்புகளை ஊர், தேதி, மணி என்ற வடிவிலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும் கணத்தில் எண்ணாக மாற்ற வேண்டும். இதுவும் பிரிவினையின் நீட்சிதான். எது எண்ணிக்கைக்கு உரியது, எது நாட்காட்டிக்கு உரியது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நிரலருடையது, அந்த முடிவை மொழி அவருக்காக எடுத்துத் தராது.

மொழியின் தரநிலைக் குழு 1989-இல் செய்த ஒரு வேலையை இங்கே பாராட்ட வேண்டும், கூடவே ஒரு குறையும் சொல்ல வேண்டும். டைம்_டி என்ற வகை எதை எண்ணுகிறது என்று அவர்கள் வரையறுக்கவே இல்லை, நேரத்தைக் குறிக்கக்கூடிய ஓர் எண் வகை என்பதோடு நிறுத்தினார்கள். 32 பிட் என்றும் சொல்லவில்லை. இரண்டு நேரங்களை நேராகக் கழிக்காமல் டிஃப்டைம் வழியாகக் கழிக்கச் சொன்னதும் இதனால்தான். அப்போது சோம்பலாகத் தெரிந்திருக்கலாம், பின்னாளில் எண்ணின் அகலத்தை மாற்ற இடம் கொடுத்தது அந்த மௌனம். எம்கேடைம் என்ற ஃபங்ஷன் உள்ளூர்த் தேதியை எண்ணாக்கும், ஜனவரி 32 என்று கொடுத்தாலும் கோபித்துக்கொள்ளாமல் பிப்ரவரி 1 என்று திருத்தித் தரும். பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். ஆனால் கிரீன்விச் நேரத்தில் கொடுத்த தேதியை எண்ணாக்கும் வழியை மட்டும் தரநிலை தரவில்லை. போகும் பாதை இருந்தது, திரும்பும் பாதை இல்லை. நிரலர்கள் நேர மண்டலத்தைத் தற்காலிகமாக மாற்றி, எம்கேடைமை அழைத்து, மறுபடி பழையபடி வைத்துச் சமாளித்தார்கள். டைம்ஜிஎம் என்ற பெயரில் அந்தத் திரும்பும் பாதை தரநிலைக்குள் வந்தது சி23 பதிப்பில்தான். விடை அழிந்துபோகாத மாற்று ஃபங்ஷன்களும் அதே பதிப்பில்தான் உள்ளே வந்தன. தேதியை எண்ணாக்க போசிக்ஸ் தரநிலை தந்த முதல் சூத்திரத்திலோ நூற்றாண்டு விதி விடுபட்டிருந்தது, 2100-ஐ அது நெட்டாண்டு என்று எண்ணியது. 2001-இல் அதைத் திருத்தினார்கள்.

கடைசியாக அந்த 32 பிட். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, பொங்கல் முடிந்த சில நாட்களில், குறியுள்ள 32 பிட் எண் தன் உச்சத்தைத் தொடும். அதற்கு அடுத்த விநாடி அது எதிர்மறைக்குப் புரளும். இதை 1973-இன் குறுகிய பார்வை என்பவர்கள் உண்டு. 2.26 ஆண்டில் நிரம்பும் எண்ணோடு வாழ்ந்தவர்கள் 68 ஆண்டுக்கு இடம் ஒதுக்கினார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது. குறுகிய பார்வை என்று ஏதாவது இருந்தால் அது பிற்காலத்தினருடையது: கோப்பு வடிவங்களிலும் நெட்வொர்க் நெறிமுறைகளிலும் டைம்_டி-யை 32 பிட் என்றே எழுதி இறுக்கியவர்களுடையது. விழித்துக்கொண்டவர்கள் மாற்றிவிட்டார்கள். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2014-இல் எல்லா எந்திரங்களிலும் 64 பிட்டுக்குப் போனது, பழைய நிரல்கள் உடைந்தாலும் பரவாயில்லை என்று. 32 பிட் லினக்ஸுக்கு 2020-இல் கெர்னலிலும் 2021-இல் சி நூலகத்திலும் வழி வந்தது. 2025-இல் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, பழைய இன்டெல் 32 பிட் எந்திரங்களுக்கான பதிப்பு மட்டும் விதிவிலக்கு. 64 பிட் எண் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் போதும். மாறாமல் கிடக்கப் போகிறவை சுவருக்குள்ளும் எந்திரத்துக்குள்ளும் பதித்துவிட்டு மறந்துபோன சிறு கணினிகள்.

அப்படி மறக்கப்பட்ட ஒன்று நம் ஊரில், ஏஷியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தோடு, அந்தக் காலையில் ஓடிக்கொண்டிருந்தால் அதன் எண் 1901 டிசம்பர் 13 கிரீன்விச் நேரம் 20 மணி 45 நிமிடம் 52 விநாடிக்கு விழும். லோக்கல்டைம் அதை வாங்கிக்கொண்டு ஓல்சனின் பட்டியலைத் திறக்கும். இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் என்ற விதி 1906 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது என்று அங்கே எழுதியிருக்கும். அதற்கு முன்னால் உள்ள வரி, 1870 முதல் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று சொல்லும். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானியல் நிலையத்தின் தீர்க்கரேகையை ஒட்டி இந்திய ரயில்கள் ஓடிய மதராஸ் நேரம் அது. கல்கத்தாவும் பம்பாயும் அதற்குப் பணியாமல் தங்கள் கடிகாரத்தை 1906-க்குப் பிறகும் பல ஆண்டுகள் வைத்திருந்தன என்ற உண்மைக்கு அந்த ஒற்றை வரியில் இடமில்லை. கணினி கூட்டிப் பார்க்கும். திரையில் சனிக்கிழமை, 1901 டிசம்பர் 14, பின்னிரவு 2 மணி 7 நிமிடம் 2 விநாடி என்று தோன்றும், பக்கத்தில் மதராஸ் நேரத்தைக் குறிக்கும் எம்எம்டி என்ற மூன்று எழுத்துகளோடு.